ஜப்தி என்னும் பொருளில் வரும் ‘அட்டாச்’: கொரியருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நொய்யல்கரை:
திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேலையாக வந்து தங்கியிருக்கும் இரண்டு கொரியர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நாளிதழில் வந்த நீதிமன்ற அறிவிப்பொன்றைப் படித்தபோது, சொத்து ‘அட்டாச்’ செய்யப்பட்டது என்ற வரிக்கு, மின்னஞ்சலில் கோப்பை இணைப்பதைக் குறிக்கும் ‘சொம்பு’ என்ற கொரியச் சொல்லைப் போட்டு, பத்திரத்தை அறிவிப்போடு இணைத்திருப்பதாக ஒருவர் பொருள் சொன்னார். ‘கான்ஃபிஸ்கேட்’ என்று விளக்கினால் போதுமா?

கட்டுத்தறி:
போதாதுங்க அம்மா, அது பறிமுதல். ‘ஃபிஸ்கஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கூடை என்றும் அரசுக் கருவூலம் என்றும் பொருள். பறிமுதலான பொருள் அரசுக்கே போய்விடும். ‘அட்டாச்’ ஆன சொத்தோ உரியவர் பெயரிலேயே இருக்கும், ஆனால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. முளைக்குச்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு உறவுடையது இது. கட்டுத்தறியில் நிற்கும் காங்கயம் மாடு நம்முடையதுதான் என்றாலும், கட்டியவர் அவிழ்க்காமல் ஓட்டிப்போக முடியாதல்லவா? நம் சட்டத்தமிழில் இதற்குப் ‘பற்றுகை’ என்று பெயர். பாசத்தையும் பிடிப்பையும் சேர்த்தே சொல்லும் ‘பற்று’ ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பயிற்சி வாக்கியத்துக்கு, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம், படுக்கை, உழவுக் கருவி, விதைத் தானியம் போன்றவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது அது.

பீளமேட்டு மாணவி:
கொரிய மொழி படிப்பவள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அங்கே நீதிமன்ற ஜப்தி ‘அம்ன்யு’, காவல்துறை சான்றுப்பொருளைக் கைப்பற்றுவது ‘அப்சு’, பறிமுதல் ‘மொல்சு’. ஆகவே வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்ததே, எந்த ஆங்கிலச் சொல் எதற்கு என்பதுதான் சிக்கல். ஜப்திக்கு வருபவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி மீதும் குளிர்பதனப் பெட்டி மீதும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு, பொருளைப் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுச் செல்வது அங்கே வழக்கம். அந்தச் சீட்டை நினைவூட்டுங்கள்.

நொய்யல்கரை:
இன்று சிவப்புத் தாளொன்றை மேசை மீது ஒட்டியவுடன், இருவரும் ஒரே குரலில் ‘அம்ன்யு’ என்றார்கள். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காவலர்கள் வண்டியைப் பிடித்து நிலையத்தில் நிறுத்திவைப்பதற்கும் இதே சொல்தானா என்று கேட்கிறார்கள்.

கட்டுத்தறி:
இல்லைங்க அம்மா, அதற்கு ‘இம்பவுண்ட்’. அடுத்தவர் காட்டில் இறங்கி மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பவுண்டு இருக்கிறதே, அந்தப் பவுண்டுதான் அது.