ஸ்வஸ்திகா இல்லாத ஜெர்மானியக் காயச் சின்னம்: எந்தக் காலத்தது?

கேள்வி:
சென்ற மாதம் ஜெர்மனியில் ஒரு பழம்பொருள் சந்தையில், கறுப்பு வண்ணம் பூசிய முட்டை வடிவச் சின்னம் ஒன்றை வாங்கினேன். நடுவில் எஃகுத் தலைக்கவசம், அதன் பின்னால் குறுக்கிட்ட இரு வாள்கள், சுற்றிலும் இலை வளையம். நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகா இல்லாததால் இது முதல் உலகப் போர்க் காலத்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலையையும் விற்றவர் வாங்கிக்கொண்டார். ஆனால், பூச்சு நூறாண்டுப் பழமையுடையதாகத் தோன்றவில்லை. இது போலியா?

மறுமொழி 1:
கறுப்பு நிறம் போரில் ஓரிரு முறை காயம்பட்ட வீரர்களுக்கு உரியது. வெள்ளி, தங்க நிறங்கள் அதற்கு மேற்பட்டவர்களுக்கு. 1918 மார்ச்சில் தரைப்படைக்காக ஏற்படுத்தப்பட்ட சின்னத்தில் ஸ்வஸ்திகா இல்லை என்பது உண்மைதான். எனினும், அதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. தலைக்கவசத்தின் பக்கவாட்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கொம்பு முளைத்தாற்போல் சிறு புடைப்பு தெரிகிறதா?

கேள்வி கேட்டவர்:
இல்லை, வழவழப்பாகவே இருக்கிறது.

மறுமொழி 2:
1918இன் சின்னத்தில் அந்தப் புடைப்பு இருக்கும், ஆகவே இது அக்காலத்தது அன்று. ஆனால், போலியும் அன்று. 1957ஆம் ஆண்டு வடிவம். அவ்வாண்டு ஜூலை 26 அன்று மேற்கு ஜெர்மனி இயற்றிய விருதுகள் சட்டம், இரண்டாம் உலகப் போரில் பெற்ற சின்னங்களை ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டும் அணிய இசைவு தந்தது. 1955இல் உருவான புதிய படையில் சேர்ந்திருந்த பழைய வீரர்கள் பலருக்கு அது தேவைப்பட்டது. இரும்புச் சிலுவை என்னும் ஜெர்மானியப் படை விருதில் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் மூன்று ஓக் இலைகள் வந்தன, கீழே 1939 என்ற ஆண்டு அப்படியே நின்றது. லூடன்ஷைட் நகரின் ஸ்டைன்ஹவுவர் உண்ட் லூக் போன்ற, போருக்கு முன்பே இயங்கிய நிறுவனங்களே இவற்றையும் செய்தன. பலர் இவற்றை மலிவுச் சரக்கென்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் இவையும் சட்டப்படி அணியப்பட்ட சின்னங்களே. ஆனால், 1918இன் விலை இதற்குப் பொருந்தாது.

மறுமொழி 1:
இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். போருக்குப் பின் சிலர் தம் பழைய சின்னத்திலிருந்த ஸ்வஸ்திகாவைத் தாமே அரத்தால் தேய்த்து அகற்றினார்கள். அவ்வாறானால் தலைக்கவசத்தின் நடுவே கீறல்கள் தென்படும். பின்புற ஊசியின் படத்தையும் இடுங்கள்.