நாகசாகி: இரண்டாவது குண்டைப் போடச் சொன்னது யார்?

கயல்விழி:
ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டது சரியா தவறா என்று இங்கே பலமுறை பேசியாகிவிட்டது. இந்த இழையில் நாகசாகியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன். ஹிரோஷிமாவுக்கு நியாயம் உண்டு என்பவர்கள்கூட நாகசாகிக்கு நியாயம் சொல்ல முடியாது என்பது என் வாதம்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமா. 9ஆம் தேதி காலை 11.02க்கு நாகசாகி. இந்த இடைவெளியில் வாஷிங்டனில் யாராவது உட்கார்ந்து, 'முதல் குண்டு என்ன செய்தது, ஜப்பான் என்ன சொல்கிறது, இன்னொன்று தேவையா' என்று பேசினார்களா? இல்லை. ஜூலை 25 அன்று ஜெனரல் ஹாண்டி கையெழுத்திட்டு விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸுக்குப் போன உத்தரவு ஒன்றுதான். ஹிரோஷிமா, கோகுரா, நிகாட்டா, நாகசாகி என்று நான்கு ஊர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஆகஸ்ட் 3க்குப் பிறகு வானம் தெளிந்ததும் முதல் குண்டு. அடுத்தடுத்த குண்டுகள் 'தயாரானதும்'. அவ்வளவுதான். இரண்டாவது குண்டுக்குத் தனி உத்தரவே கிடையாது.

முதலில் குறித்திருந்த தேதி ஆகஸ்ட் 11. வானிலை கெடப்போகிறது என்று தெரிந்ததும் குண்டு விமானங்கள் கிளம்பிய பசிபிக் தளமான தீனியன் தீவில் இருந்தவர்கள் வேலையை அவசரப்படுத்தி 9க்குக் கொண்டுவந்தார்கள். அன்றும் இலக்கு கோகுராதான். அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு, எரிபொருள் குறைந்துகொண்டே வர, நாகசாகிக்குத் திரும்பியது. ஒரு நகரம் பிழைத்து இன்னொன்று அழிந்ததற்குக் காரணம் மேகம். இதை எப்படி ஒரு முடிவு என்று சொல்வது?

முத்துவேல்:
கயல்விழி அவர்களே, தனி உத்தரவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. திட்டமே அதுதான். ஒரு குண்டு போட்டால் 'அமெரிக்காவிடம் இருந்தது அது ஒன்றுதான்' என்று டோக்கியோ நினைக்கும். அடுத்தடுத்து இரண்டு விழுந்தால் கையில் நிறைய இருக்கிறது என்று நம்பும். அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் க்ரோவ்ஸ் ஆரம்பத்திலிருந்தே இரண்டு தேவை என்ற கருத்தில்தான் இருந்தார்.

டோக்கியோவில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானிலும் இயற்பியலாளர் நிஷினா தலைமையில் அணு ஆராய்ச்சி நடந்தது. யுரேனியத்தைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கப்பற்படைத் தலைமைத் தளபதி டொயோடா, அமெரிக்காவிடம் இன்னும் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்காது, தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். போரை நடத்திய ஆறு பேர் கொண்ட உச்சக்குழு ஹிரோஷிமா நடந்து மூன்று நாள் கழித்துத்தான் கூடியது. அதிலும் மூன்று பேர், பேரரசர் பதவி நீடித்தால் போதும், சரணடையலாம் என்றார்கள். மற்ற மூவர் (போர் மந்திரி அனாமி, தரைப்படைத் தலைமைத் தளபதி உமேசு, டொயோடா) மேலும் மூன்று நிபந்தனைகள் கேட்டார்கள். அந்நியப் படை நாட்டுக்குள் வரக்கூடாது, ஆயுதங்களை நாங்களே களைவோம், போர்க்குற்றவாளிகளை நாங்களே விசாரிப்போம். ஒரு நகரம் சாம்பலான பிறகும் இப்படிப் பேசியவர்களிடம், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் என்ன பொருள்?

கயல்விழி:
ஐயா, நீங்கள் சொன்ன அதே கூட்டத்தைத்தான் நான் சாட்சிக்கு அழைக்கிறேன். அது தொடங்கியது ஆகஸ்ட் 9 காலை 10.30க்கு. அப்போது நாகசாகி முழுதாக இருந்தது. அவர்களைக் கூட்டியது நள்ளிரவு தாண்டி மஞ்சூரியாவுக்குள் நுழைந்த சோவியத் படை. அதுவரை டோக்கியோவின் ஒரே நம்பிக்கை மாஸ்கோ. ஸ்டாலின் நடுவில் நின்று சமரசம் பேசுவார் என்று ஜூலை முழுவதும் வெளியுறவு மந்திரி டோகோ தந்தி மேல் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கதவு 8ஆம் தேதி இரவு மூடியது.

நாகசாகிச் செய்தி கூட்டத்தின் நடுவில் வந்தது. வந்ததும் என்ன மாறியது? மூன்றுக்கு மூன்று, அப்படியே மூன்றுக்கு மூன்றாகவே நின்றது. அன்று இரவு பேரரசர் ஏற்றுக்கொண்டது, தன் பதவி நீடித்தால் போதும் என்று டோகோ காலையிலேயே வைத்த யோசனையைத்தான். பேரரசர் ஹிரோஹிட்டோ ஆகஸ்ட் 8ஆம் தேதியே டோகோவிடம், இப்படி ஒரு ஆயுதம் வந்தபின் போரைத் தொடர முடியாது, சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் இறந்த சுமார் 70,000 பேரின் சாவு எதை வாங்கிக் கொடுத்தது?

செங்கதிர்:
இதில் குழப்பமே இல்லை தோழர்களே. ஹிரோஷிமாவில் போட்டது யுரேனியக் குண்டு, நாகசாகியில் போட்டது புளூட்டோனியக் குண்டு. இரண்டு விதமான ஆயுதத்தையும் மனிதர்கள் மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ரஷ்யாவையும் மிரட்ட வேண்டியிருந்தது. வேறு காரணம் எதற்கு?

தணிகை:
நான் இயற்பியல் ஆசிரியர். சோதனைக்காகப் போட்டார்கள் என்ற வாதத்தை மாணவர்களும் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் தொழில்நுட்பம் வேறு கதை சொல்கிறது.

புளூட்டோனியக் குண்டை ஜூலை 16 அன்றே நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்த்துவிட்டார்கள். சோதிக்காமல் போட்டது ஹிரோஷிமாக் குண்டைத்தான். ஒரு யுரேனியத் துண்டை இன்னொன்றின் மேல் பீரங்கிபோலச் சுடும் எளிய அமைப்பு அது, வேலை செய்யும் என்று அவ்வளவு நம்பிக்கை. புளூட்டோனியத்தில் அது நடக்காது. அணு உலையில் உண்டாகும் புளூட்டோனியத்தில் 240 என்ற ஐசோடோப்பும் (அதே தனிமத்தின் சற்றுக் கனமான வகை) கொஞ்சம் கலந்திருக்கும். அது தானாகவே பிளந்து நியூட்ரான்களைக் கக்குவதால், இரண்டு துண்டும் முழுதாகச் சேருமுன்பே வெடிக்கத் தொடங்கி, குண்டு புஸ்ஸென்று போய்விடும். அதனால் சுமார் 6 கிலோ எடையுள்ள கோளத்தைச் சுற்றி வெடிமருந்தை அடுக்கி, எல்லாப் பக்கமும் ஒரே நொடித்துளியில் உள்நோக்கி நசுக்கினார்கள்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், கயல்விழி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆலையில் மாதக்கணக்கில் பிரித்தெடுத்த யுரேனியம் ஒரே ஒரு குண்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஹான்ஃபோர்டு ஆலையின் அணு உலைகளிலிருந்து புளூட்டோனியம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. மூன்றாவது குண்டு ஆகஸ்ட் 17 அல்லது 18க்குப் பிறகு தயார் என்று க்ரோவ்ஸ் 10ஆம் தேதி எழுதியிருக்கிறார். 'தயாரானதும் போடு' என்ற உத்தரவை அந்த உற்பத்தியோடு சேர்த்துப் படியுங்கள். எந்த ஊர் எப்போது அழியும் என்பதை ஆலையின் வேகமும் வானிலையும் முடிவு செய்யும்படி விட்டுவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, சோதனை ஆசையைவிடப் பயங்கரமானது இது.

ஈப்போ செல்வம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாஷிங்டன், டோக்கியோ, மாஸ்கோ. இந்த மூன்று ஊரைத் தவிர வேறு யாருமே இந்தப் போரில் சாகவில்லையா?

என் தாத்தாவின் அண்ணனை ஜப்பான் ராணுவம் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. மலாயாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படி ஒரு பெயர் சொல்வார்கள். 415 கி.மீ. பாதை. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் காட்டிலேயே போனார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, ஆனால் ஆட்களை விடவில்லை. பராமரிப்பு வேலைக்கென்று போர் முடியும்வரை பலரை அங்கேயே வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். வியட்நாமில் 1945 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். சீனாவில் சண்டை ஓயவே இல்லை.

ஆகஸ்ட் 15 அன்று சரணடைந்ததால்தான் மலாயாவில் சண்டையில்லாமல் முடிந்தது. செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படை இறங்குவதாகத் திட்டம் தயாராக இருந்தது. இறங்கவும் செய்தார்கள், ஆனால் எதிர்த்துச் சுட ஆள் இல்லை. ஜப்பான் பணிந்திராவிட்டால் எங்கள் ஊர்களும் சண்டையில் சிதைந்த மணிலா மாதிரி ஆகியிருக்கும். பொறுத்துப் பார்த்திருக்கலாம் என்று சொல்கிறீர்களே, அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது நாங்கள்.

கயல்விழி:
செல்வம் அண்ணே, சயாமில் செத்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. நான் அதை மறுக்கவே மாட்டேன்.

ஆனால் நான் கேட்பது மாதக்கணக்கான பொறுமை இல்லை. ஆகஸ்ட் 9க்குப் பதில் 11. அவர்களே முதலில் குறித்த தேதி. ஜப்பானின் சரணடையும் செய்தி 10ஆம் தேதி காலையில் புறப்பட்டுவிட்டது. வானம் தெளிவாக இருக்கும் என்று அந்த வாரத்து அறிக்கை சொல்லியிருந்தால் நாகசாகி இன்றைக்கும் பழைய நாகசாகிதான்.

அந்தக் குண்டு யார் மேல் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறித்திருந்த இடத்திலிருந்து கிட்டத்தட்ட 3 கி.மீ. தள்ளி, உராகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. மிட்சுபிஷி ஆயுத ஆலைகள் அங்கே இருந்தன, உண்மை. ஆனால் வெடித்த இடத்திலிருந்து 500 மீட்டரில் ஷிரோயாமா பள்ளிக்கூடம். அதே தூரத்தில் உராகாமி தேவாலயம், மதத் தடையால் இருநூறு ஆண்டுக்கும் மேல் ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களின் சந்ததி கட்டியது. கொரியாவிலிருந்து வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்களும் செத்தார்கள். சயாமுக்குப் போன உங்கள் தாத்தாவின் அண்ணனுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? நேசநாட்டுப் போர்க்கைதிகளும் அந்த ஊரில் இருந்தார்கள். நாகசாகியில் கைதி முகாம் இருக்கிறது என்று ஸ்பாட்ஸின் தலைமையகம் முன்கூட்டியே கேட்டபோது, இலக்கில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது. அணுகுண்டு பற்றி எச்சரிக்கும் துண்டறிக்கைகள் நாகசாகிக்கு வந்து சேர்ந்தது 10ஆம் தேதி. நகரம் எரிந்த மறுநாள்.

முத்துவேல்:
11ஆம் தேதி கணக்கு பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. ஆகஸ்ட் 9 நள்ளிரவில் பேரரசர் முடிவெடுத்தபோது அவர் தலைக்குள் ஹிரோஷிமா, சோவியத், நாகசாகி மூன்றும் இருந்தன. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவிவிட்டு, மீதி இரண்டும் அதே வேலையைச் செய்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஓட்டு மாறவில்லை என்பதால் மனமும் மாறவில்லை என்று ஆகாது. கப்பற்படை மந்திரி யோனாய், அணுகுண்டுகளும் சோவியத் நுழைவும் ஒருவகையில் தெய்வம் தந்த வரம் என்றார். உள்நாட்டு நிலவரத்தைக் காட்டிப் பணிய வேண்டிய அவமானம் இல்லாமல் போனதே என்ற நிம்மதி அது. குண்டுகள் என்று பன்மையில்தான் அந்தப் பேச்சு.

ஆகஸ்ட் 14 இரவை மறந்துவிடாதீர்கள். இரண்டு குண்டும் விழுந்து, மஞ்சூரியா கையைவிட்டுப் போய், பேரரசர் இரண்டாம் முறையும் வாயைத் திறந்து சொன்ன பிறகும், இளம் ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து சரணடையும் உரையின் ஒலித்தட்டைத் தேடினார்கள். கிடைத்திருந்தால் 15ஆம் தேதி நண்பகல் ஒலிபரப்பே இருந்திருக்காது. இவ்வளவு நூலிழையில் நின்ற விஷயத்தில், ஒரு அடி குறைந்திருந்தாலும் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஈப்போ செல்வம்:
முத்துவேல் ஐயா சொல்வதுதான் என் நிலையும். கயல்விழி, உராகாமிக் கொரியரும் எங்கள் ஆளும் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் இருவரையும் வீட்டிலிருந்து இழுத்தது ஒரே ராணுவம். அதை நிறுத்த ஒரு நாள் முந்தினாலும் நல்லது என்றுதான் அன்றைக்கு எங்கள் பெரியவர்கள் நினைத்திருப்பார்கள்.

தணிகை:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆகஸ்ட் 10 அன்று மூன்றாவது குண்டு பற்றிய க்ரோவ்ஸின் குறிப்பு கைக்கு வந்ததும், அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் அதன் அடியில், ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஜப்பான்மேல் போடக்கூடாது என்று கையால் எழுதினார். அன்றைய மந்திரிசபைக் கூட்டத்தில் ட்ரூமன், இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பது நினைக்கவே பயங்கரமாக இருக்கிறது என்றதாக வர்த்தக மந்திரி வாலஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. குழந்தைகளைப் பற்றியும் பேசினாராம். அணு ஆயுதம் ஜனாதிபதியின் கையில் மட்டும் என்ற இன்றைய ஏற்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு எந்த நகரத்தின் மேலும் அணுகுண்டு விழவில்லை.

முத்துவேல்:
இதைத்தான் நானும் சொல்கிறேன், தணிகை. கட்டுப்பாடு இருந்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினார்கள்.

கயல்விழி:
நிறுத்த வேண்டிய நேரம் 10ஆம் தேதி என்று யார் தீர்மானித்தது ஐயா? மார்ஷல் எழுதிய அந்த ஒரு வரியை ஜூலை 25 உத்தரவிலேயே சேர்த்திருக்கலாம். 'முதல் குண்டுக்குப் பிறகு ஜனாதிபதியைக் கேள்.' அதற்குப் புதிய ஆயுதமோ கூடுதல் படையோ தேவையில்லை. கேட்டிருந்தால் ட்ரூமன் ஒருவேளை 'போடு' என்றே சொல்லியிருப்பார். அப்போதாவது நாகசாகிக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்றிருப்பார். இன்றைக்கும் அந்த ஊரில், வெடித்த இடத்திலிருந்து 12 கி.மீ.க்குள் இருந்தும் அரசு போட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்ததால் பாதிக்கப்பட்டவர் என்ற அங்கீகாரம் கிடைக்காத முதியவர்கள் நீதிமன்றம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முத்துவேல்:
பொறுப்பை எல்லோரும் வாஷிங்டனில் தேடுகிறீர்கள். ஜப்பான் சரணடைய வேண்டும் என்று நேசநாடுகள் விடுத்த போட்ஸ்டாம் அறிவிப்பு வந்தது ஜூலை 26. அதற்கும் நாகசாகிக்கும் நடுவில் இரண்டு வாரம். டோக்கியோவில் இருந்த ஆறு பேரில் ஒருவராவது முன்பே துணிந்து எழுந்திருந்தால் ஹிரோஷிமாவே நடந்திருக்காது. அனாமியைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே பேசுவோம்.