ஆங்கிலப் பழமொழிகளை இந்தியில் பெயர்க்க மதுரையில் ஆள் தேடிய அனுபவம்

எங்கள் நிறுவனம் சுயஉதவிக் குழுப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் தயாரித்த கையேட்டை உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பயன்படுத்த வேண்டியிருந்ததால், அதை இந்தியில் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு பற்றிய பகுதிகளுக்கு ஆள் கிடைப்பதில் சிரமம் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தூவிக்கிடந்த பழமொழிகளும் மரபுத்தொடர்களும்தான் தேடலை நீளவைத்தன.

சௌராஷ்டிரர்களைக் கேட்டால் போதும், அவர்களுக்கு இந்தி வரும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். மதுரையில் வெகுகாலமாக உலவும் தவறான எண்ணம் இது. சௌராஷ்டிரம் இந்தோ-ஆரிய மொழிதான். ஆனால் இந்தி அன்று.

தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் உயர்நிலைத் தேர்வான பிரவீன் வரை தேறிய ஓர் ஆசிரியையிடம் முதலில் கொடுத்தோம். இலக்கணத்தில் பிசகே இல்லை. பழமொழிகளை மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தார். அடுத்தவர் மத்திய அரசு அலுவலகமொன்றில் இந்திப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர். அவர் கைபட்ட இடமெல்லாம் சுற்றறிக்கை வாடை அடித்தது.

கான்பூரில் பிறந்து, மாசி வீதிப் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு மருமகளாக வந்த பெண்மணியைப் பார்த்த பிறகுதான் வழி பிறந்தது. அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது, கடையில் பழகிய தமிழ் நன்றாக வரும். கைத்திறன் இல்லாத தொழிலாளி கருவியைக் குறைசொல்வான் என்ற ஆங்கிலப் பழமொழியின் கருத்தை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், 'நாச் ந ஜானே, ஆங்கன் டேடா' என்றார். ஆடத் தெரியாதவருக்கு முற்றம் கோணலாம். நம்முடைய 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதேதான்! நிலக்கரி மலிந்த நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவது என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு, மூங்கிலுக்குப் பேர்போன பரேலிக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்பும் 'உல்டே பாம்ஸ் பரேலி கோ' கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு பறவைகளை அடிப்பது 'ஏக் பந்த் தோ காஜ்', அதாவது ஒரு வழியில் இரு காரியம் என்றாயிற்று. அங்கே கல்லும் இல்லை, நம் மாங்காயும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே நிற்பவரைக் குறிக்க, வீட்டுக்கும் இல்லாமல் துறைக்கும் இல்லாமல் அலையும் வண்ணார் நாய் பற்றிய இந்திப் பழமொழியை அவர் சொன்னபோது, பொருள் கச்சிதமாகப் பொருந்தினாலும், குழுக்களில் சலவைத் தொழில் செய்யும் பெண்கள் இருக்கக்கூடும் என்று ஆசிரியை மறுத்துவிட்டார். அந்த மறுப்பு சரியென்றே எனக்குப் பட்டது. அவ்விடத்தில் பழமொழியே இல்லாமல் நேராக எழுதினோம்.

இறுதியில், பெண்மணி பழமொழியைச் சொல்ல, ஆசிரியை அதைப் பால், எண், வினை பிசகாமல் வாக்கியத்தில் பொருத்துவது என்று ஏற்பாடாயிற்று. பழமொழிகளைத் தனிப்பட்டியலாகத் தராமல் அவை வரும் பத்தியோடு சேர்த்துத் தந்ததால் வேலை விரைந்தது. சொல் கணக்கில் பேசிய கூலி, நான்கு சொற்களுக்காக நெடுநேரம் யோசிப்பவர்களுக்கு நியாயமாக இராது என்பதால், பழமொழிகளுக்கு மட்டும் நேரக் கணக்கில் தனியாகக் கொடுத்தோம்.