லை, லே, ரைஸ், ரெய்ஸ்: எங்கே எது வரும்?

புதுவரவு:
ஆபீஸ் மெயில் எழுதும்போது இந்த நாலு வினைச்சொற்களில் கை நின்றுவிடுகிறது. அட்டவணை மனப்பாடம்தான், வாக்கியத்தில் வைக்கும்போதுதான் குழப்பம். இந்த மூன்றில் எது தவறு, ஏன்?
“த பிரைசஸ் ரெய்ஸ்டு லாஸ்ட் மன்த்.”
“த ஃபைல்ஸ் ஆர் லேயிங் ஆன் த டேபிள்.”
“ஹி டோல்டு தட் த ஸ்டாக் இஸ் ஓவர்.”

ஒற்றுமிகும்:
மூன்றுமே தவறு. முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அது உங்களுக்குத் தமிழிலேயே தெரியும்: தன்வினை, பிறவினை. திரும்பு – திருப்பு, ஓடு – ஓட்டு மாதிரி ஆங்கிலம் பிறந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலும் ஒரு ஏற்பாடு இருந்தது. அதன் மிச்சம்தான் இந்த ஜோடிகள். ரைஸ் என்றால் உயர், ரெய்ஸ் என்றால் உயர்த்து. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ஸிட் – ஸெட், ஃபால் – ஃபெல் கூட இந்த வகைதான். மரம் விழுந்தால் ஃபால், மரத்தை வெட்டி வீழ்த்தினால் ஃபெல்.

வினையைப் பார்த்து “எதை?” என்று கேளுங்கள். பதில் இருந்தால் ரெய்ஸ், லே. இல்லையென்றால் ரைஸ், லை. பேச்சில் “விலை ஏத்திட்டாங்க” என்று ஐ உருபை விழுங்கிவிடுகிறோம், அதனால் உருபைத் தேடாதீர்கள், கேள்வியைக் கேளுங்கள். விலை தானாக உயர்ந்தது: “பிரைசஸ் ரோஸ்.” கம்பெனி உயர்த்தியது: “த கம்பெனி ரெய்ஸ்டு த பிரைசஸ்.” “பிரைசஸ் வேர் ரெய்ஸ்டு” என்பதும் சரி, அது உயர்த்தப்பட்டது. நீங்கள் எழுதியதில் அந்த “வேர்” விழுந்துவிட்டது.

ரைஸ், ரோஸ், ரிஸன். ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு. இதில் சிக்கல் இல்லை. லை – லேயில்தான் கண்ணி இருக்கிறது: ‘லை’யின் இறந்தகாலமே லே! லை, லே, லெய்ன். லே, லெய்டு, லெய்டு. நேற்று முழுக்கப் படுத்தே கிடந்தேன் என்பதற்கு “ஐ லே இன் பெட் ஆல் டே எஸ்டர்டே.” பெரும்பாலோர் “லெய்டு” என்று எழுதி மாட்டிக்கொள்வது இங்கேதான். பொய் சொல்வதற்கான ‘லை’ தனி ஆள்: லை, லைடு, லைடு.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் “ஐம் கோயிங் டு லே டவுன்” என்பார்கள். காதில் விழுந்ததை மெயிலில் எழுதாதீர்கள்.

அரைப்புள்ளி:
மேலே சொன்னதில் ஒரு விதிவிலக்கு: “த ஹென் இஸ் லேயிங்.” எதை என்பதற்கு வாக்கியத்தில் பதில் இல்லை, ஆனாலும் சரி. முட்டை என்பது சொல்லாமலே புரியும். “த ஹென் இஸ் லையிங் டவுன்” என்றால் கோழி படுத்திருக்கிறது.

மூன்றாவது வாக்கியத்தில் தமிழ் உதவாது, காலை வாரும். நமக்கு எல்லாவற்றுக்கும் ‘சொல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ‘டெல்’ வந்தால் யாரிடம் என்பது பொதுவாக ஒட்டியே வர வேண்டும்: “ஹி டோல்டு மீ தட்...” ஆள் வேண்டாம் என்றால் “ஹி ஸெட் தட்...” ஆளும் வேண்டும், ‘ஸே’யும் வேண்டும் என்றால் நடுவில் ‘டு’ வரும்: “ஸெட் டு மீ.” டெல் த ட்ரூத், டெல் எ ஸ்டோரி போன்ற சில தொடர்களில் மட்டும் ஆள் இல்லாமலும் நிற்கும். ஸ்டாக் தீர்ந்ததற்கு ‘ஓவர்’ நம்மூர் வழக்கு. “ஹி ஸெட் தட் தே வேர் அவுட் ஆஃப் ஸ்டாக்” என்று எழுதுங்கள்.

‘கடன்’ இன்னொரு குழி. பாரோ என்றால் வாங்குவது, லெண்ட் என்றால் கொடுப்பது. “கேன் யூ பாரோ மீ யுவர் பென்?” என்பது தவறு. “கேன் ஐ பாரோ யுவர் பென்?” அல்லது “கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?” இறந்தகாலம் லெண்ட்டட் அல்ல, லென்ட்.

புதுவரவு:
நன்றி. சம்பள உயர்வுக்கு “ரைஸ்” என்றும் “ரெய்ஸ்” என்றும் பார்க்கிறேன். அங்கேயும் “எதை?” கேட்கணுமா?

ஒற்றுமிகும்:
வேண்டாம், அது பெயர்ச்சொல். பிரிட்டனில் பே ரைஸ், அமெரிக்காவில் பே ரெய்ஸ். மெயில் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு நேர்ப்பதில் சொல்ல மறந்தேன்: “த ஃபைல்ஸ் ஆர் லையிங் ஆன் த டேபிள்.” ஃபைல்கள் மேசைமேல் சும்மா கிடக்கின்றன, எதையும் கிடத்தவில்லை.