தண்டையார்பேட்டையில் பழைய வீடு விற்பனை: காட்டுவதற்கு முன் எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி (தண்டையார்பேட்டை மகள்):

வணக்கம். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், அரை கிரவுண்டு மனையில் எங்கள் பெற்றோரின் வீடு இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை (தேக்குக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது), சுண்ணாம்புச் சுவர், சிவப்பு ஆக்சைடு தரை. அப்பாவுக்குப் பின் அம்மாவும் சென்ற ஆண்டு காலமாகிவிட்டதாலும், அண்ணனும் நானும் தாம்பரம் பக்கம் குடியேறிவிட்டதாலும் விற்றுவிட முடிவு செய்திருக்கிறோம். தை பிறந்ததும் ஆட்களை அழைத்து வருவதாகச் சொல்லும் தரகர், அதற்குள் கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஏறியிருக்கும் ஓதம் (ஈரக்கசிவு) தெரியாதபடி பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட வேண்டும், மூன்று லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார். இந்தச் செலவு தகுமா? அம்மாவின் பீரோ, பாத்திரங்கள், பூசை அறைப் படங்கள் ஆகியவற்றை விற்கும்வரை அப்படியே வைத்திருக்கலாமா என்பதிலும் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை.

பதில் (கொத்தனார் மகன்):

சகோதரி, பட்டி பார்க்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். நம் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு; அந்தக் காலத்து அஸ்திவாரங்களில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டு அடித்து அடைத்தால், உள்ளே தங்கும் உப்பு பூத்து, பெயிண்டைத் தோலாக உரித்துவிடும். தையில் அடித்தது சித்திரைக்குள் பொரிந்து நிற்கும்.

உதிர்ந்த இடங்களைச் சுரண்டி, சிமெண்டு கலக்காமல் சுண்ணாம்புக் காரையே பூசி, காய்ந்த பின் கிளிஞ்சல் சுண்ணாம்பால் இரண்டு மூன்று முறை வெள்ளையடியுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் கொஞ்சம் உலர்ந்த பிறகு, மார்கழியில் தொடங்கினால் தைக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் மாடி ஏறி, தட்டோடுகளின் இடுக்குகளில் செடி முளைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கூரையைத் தாங்கும் தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற ஓசை வந்தால் அந்த முனை உளுத்திருக்கலாம். செலவழிக்க வேண்டிய பணம் இருந்தால் அங்கே செலவழியுங்கள்.

பதில் (ராயபுரத்தில் வாங்கியவர்):

வாங்கிய தரப்பிலிருந்து சொல்கிறேன். நான் பார்த்த வீடுகளில் புதுப் பெயிண்டு வாசனை வந்தவற்றையே அதிகம் சந்தேகப்பட்டேன்; மழை பெய்த மறுநாள் முன்னறிவிப்பின்றி மீண்டும் ஒருமுறை போய்ப் பார்ப்பதையும் வழக்கமாக வைத்திருந்தேன். முதலில் வாசற்படியைக் கவனிப்பேன். சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியதால், தெருவிலிருந்து கீழே இறங்கிச் செல்ல வேண்டிய நிலையில் உள்ள வீடுகள் இங்கே ஏராளம். உங்கள் வீடும் அப்படியென்றால், மழைநீர் எதுவரை வரும் என்பதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார். அடுத்து தண்ணீர்: தொட்டியைக் கழுவி, மோட்டாரை ஓடவிட்டு, குழாய்த் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள்.

பொருள்களைப் பொறுத்தவரை, அறையின் அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பீரோ மறைத்த சுவரில்தான் ஓதம் இருக்கும் என்று வருபவர் நினைப்பார். பூசை அறையில் விளக்கு மட்டும் இருக்கட்டும். சிவப்புத் தரையை நன்றாகக் கழுவி, காய்ந்த பின் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் புதிதுபோல் மின்னும். எண்ணெய் சற்றே கூடினாலும் வருபவர் வழுக்கி விழுவார் என்பதையும் நினைவில் கொள்க. ஞாயிற்றுக்கிழமை காட்டுவதானால் மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம்; அந்த நேரத்தைக் கொடுத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பதில் (பத்திர எழுத்தர், ஓய்வு):

அரை கிரவுண்டு என்றால் 1200 சதுர அடி. உங்களிடம் வருபவர்களில் பலர் வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் கட்ட நினைப்பவர்களாக இருப்பார்கள். அவர்கள் மனையின் முகப்பையும் தெருவின் அகலத்தையும் அளந்து பார்ப்பார்களே தவிர, சுவரின் நிறத்தைப் பார்க்கமாட்டார்கள். தரகரிடம் எந்த வகை ஆளை அழைத்து வருகிறார் என்று முதலில் கேளுங்கள். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், நடப்பு அரையாண்டு வரையிலான சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடத் தயார் என்பது வீட்டைப் பார்க்க வருபவருக்கு அன்றே தெரிந்தால், பேச்சு பாதியில் நிற்காது.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. தரகரிடம் கேட்டேன், இருவர் குடியிருக்க வருபவர்கள், மூவர் கட்டுமானக்காரர்களாம். மூன்று லட்சத்தை விட்டுவிட்டோம். வாசற்படி தெருவைவிட ஒன்றரை அடி பள்ளம்தான், மறைக்கப் போவதில்லை. பீரோ அண்ணன் வீட்டுக்குப் போகிறது. ஒரே ஒரு கேள்வி: அம்மா வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் எதையோ கலப்பார், சுவர் பளிச்சென்று இருக்கும். அது என்ன?

பதில் (கொத்தனார் மகன்):

நீலம், சகோதரி. துணிக்குப் போடும் அதே நீலம்தான். ஒரு வாளிக்கு ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போட்டால் சுவர் வானமாகிவிடும்.