கேட் கேமரா பேட்டரி மூணு வாரம் நிக்கல. மார்கழிக் குளிரா காரணம்?

மண்டைக்காட்டான்:
அவசரம். வெளியில வச்ச கேமராவுக்குப் புது பேட்டரி போட்டு மூணு வாரம்தான், செத்துப்போச்சு. கனடாவுல இருக்க மச்சான் குளிர்ல அப்படித்தான் ஆகும், லித்தியம் போடுங்கறான். விலையக் கேட்டா தலை சுத்துது. வாங்கலாமா?

தக்கலை_வயர்மேன்:
என்ன சைஸ், எத்தனை? சோலார் உண்டா? ரவுட்டர் எவ்வளவு தூரத்துல?

சாரல்74:
அண்ணே, மூடியத் திறந்து போட்டோ போடுங்க. ஸ்பிரிங் என்ன நிறம்?

பழைய_மீட்டர்:
மண்டைக்காட்டுல குளிரா! நல்லா இருக்கு. மச்சான் ஊர்ல மைனஸ் 20 வரும். அல்கலைன் செல்லுக்குள்ள இருக்கறது தண்ணிக் கரைசல். அந்தக் குளிர்ல அயனி நகர்றது மந்தமாகி உள்மின்தடை ஏறும், கேமரா ஒரு இழுப்பு இழுத்ததும் வோல்ட்டேஜ் சரியும். 1.5 வோல்ட் லித்தியம் செல்லுல தண்ணியே இல்ல, மைனஸ் 40 வரை தாங்கும். சார்ஜ் ஏத்துற லித்தியம் அயான் வேற ஜாதி, பூஜ்யத்துக்குக் கீழ அத சார்ஜ் பண்ணவே கூடாது. இதுல எதுவும் உங்க பிரச்சினை இல்ல. கேக்குறதுக்கு முன்னால ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க.

மண்டைக்காட்டான்:
பென்சில் பேட்டரி, நாலு. கடையில கிடைச்ச சிவப்பு செல். சோலார் இல்ல. ரவுட்டர் மாடியில. ஸ்பிரிங்ல வெள்ளைப் பொடி.

தக்கலை_வயர்மேன்:
இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா! சிவப்பு செல் சிங்க் கார்பன். சுவர்க் கடிகாரத்துக்கு ஆகும், வைஃபை கேமராவுக்கு ஆகாது. சிக்னல் மோசம்னா ஒரே வீடியோவத் திரும்பத் திரும்ப அனுப்பி இன்னும் தின்னும். நாலும் ஒரே பிராண்ட் அல்கலைன், ஒரே நாள்ல மாத்துங்க. பழசும் புதுசும் கலந்தா பழசு தலைகீழா சார்ஜ் ஆகிக் கசியும்.

ஓலைக்கீற்று:
கேமரா முன்னால தென்னை உண்டா? வெயில்ல சூடான ஓலை காத்துல ஆடினா சென்சார் ஆள்னு நினைச்சு ரெக்கார்ட் பண்ணும். நிச்சயம் அதுதான். சென்சிட்டிவிட்டியக் குறைங்க.

சாரல்74:
பொடிய வினிகர் தொட்டுத் துடைங்க.

தக்கலை_வயர்மேன்:
வினிகர் அல்கலைன் கசிவுக்கு. சிங்க் கார்பன் கசிஞ்சா அமிலம், அதுக்குச் சமையல் சோடா கரைச்ச தண்ணி. பட்ஸ்ல தொட்டு, பிறகு ஸ்பிரிட்டால துடைச்சு, நல்லா காயவிட்டு செல் போடணும்.

முட்டம்_கரை:
கடல் பக்கம்னா உப்புக்காத்து. ஸ்பிரிங்ல ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்க, களிம்பு பிடிக்காது.

பழைய_மீட்டர்:
தேங்காய் எண்ணெயா! 24 டிகிரிக்குக் கீழ அது உறையும். நாள்பட்டா பிசுபிசுத்து அழுக்கப் பிடிக்கும். சிலிக்கான் கிரீஸ், அதுவும் மெல்லிசா.

முட்டம்_கரை:
அப்ப மண்டைக்காட்டுல எண்ணெய் உறையற அளவு குளிர் உண்டுங்கறீரு?

பழைய_மீட்டர்:
எண்ணெய் உறையறதும் செல் சாகறதும் ஒண்ணில்ல வோய்.

ஓலைக்கீற்று:
சார்ஜ் ஏத்துற நிக்கல் செல் போடலாமே?

பழைய_மீட்டர்:
1.2 வோல்ட்தான். நாலும் சேர்ந்து 4.8. சில கேமரா அத லோ பேட்டரின்னு காட்டும்.

தக்கலை_வயர்மேன்:
அல்கலைனும் பாதி தீர்ந்ததும் 1.2 பக்கம்தானே வருது? பல கேமரா ஓடும். கையேட்டுல நிக்கல் செல் ஆகாதுன்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க.

மண்டைக்காட்டான்:
அல்கலைன் போட்டாச்சு. ஓலையையும் வெட்டியாச்சு. எட்டு நாளா ஓடுது. நன்றி.

சாரல்74:
ரெண்டையும் ஒண்ணா பண்ணிட்டீங்களே அண்ணே, எதால சரியாச்சு? பேட்டரி இப்ப எத்தனை சதவீதம் காட்டுது?

ஓலைக்கீற்று:
ஓலைதான்.