போர்ட்டில் சலைன் போகிறது, இரத்தம் திரும்பி வரவில்லை. கீமோ ஏற்றலாமா?

கேள்வி – கீமோ பிரிவு செவிலியர்
அல்ட்ராசவுண்ட், ஃப்ளூரோஸ்கோப்பி (நேரலை எக்ஸ்ரே) உதவியோடு வலது ஜுகுலர் சிரை (கழுத்துச் சிரை) வழியாக வைத்த மார்பு போர்ட் (தோலுக்கடியில் பதித்து, குழாயால் பெரிய சிரையோடு இணைத்த, மருந்து ஏற்றும் சிறு கலம்). சலைன் தடையில்லாமல் போகிறது. சிரிஞ்சைப் பின்னால் இழுத்தால் இரத்தம் வரவில்லை. வலியோ வீக்கமோ இல்லை. அடுத்து ஏற்ற வேண்டிய கீமோ மருந்து டாக்ஸோருபிசின். "சலைன்தான் போகிறதே, ஏற்றிவிடலாம்" என்கிறார்கள். சரியா?

பதில் 1 – புற்றுநோய்ப் பிரிவு மூத்த செவிலியர்
ஏற்றாதீங்க சிஸ்டர். டாக்ஸோருபிசின் வெளியே கசிந்தால் தோலும் அடித்தசையும் அழுகிவிடும். முதலில் ஊசியைப் பாருங்க. ஹியூபர் ஊசியின் (போர்ட்டில் குத்தும் தனி ஊசி) முனை போர்ட்டின் அடித்தட்டில் முட்டுவது கைக்குத் தெரியணும். ஊசி குத்த வேண்டிய போர்ட்டின் மேல் சவ்வுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் சலைன் தோலுக்கடியில்தான் போகும். பருத்த உடம்பில் அந்த வீக்கம் சீக்கிரம் தெரியாது. ஊசி சரி என்றால், படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, இருமச் சொல்லி இழுத்துப் பாருங்க. சிரிஞ்சு 10 மி.லி.க்குக் குறையக்கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் எகிறும், குழாயே கிழியலாம்.

பதில் 2 – இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்
இப்படி ஒருவழியாக மட்டும் ஓடினால் முதல் சந்தேகம் ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் புரத நார்) உறை. கதீட்டர் (போர்ட்டின் குழாய்) நுனியைச் சுற்றி வளரும் அந்த உறை கதவு மாதிரி: தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். சிக்கல் என்னவென்றால், உறை நீளமாக வளர்ந்திருந்தால் மருந்து அதற்குள்ளேயே பின்னோக்கி வந்து, குழாய் சிரைக்குள் நுழையும் இடத்தில் கசியும். சலைன் எளிதாகப் போவதை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

மார்பு எக்ஸ்ரே எடுத்து, போர்ட் வைத்த அன்று எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். நுனி மேற்பெருஞ்சிரையும் வலது ஏட்ரியமும் (இதயத்தின் வலது மேலறை) சேரும் இடத்தில் இருக்க வேண்டும். மார்பகம் பெரிதாக உள்ளவர்கள் நிமிர்ந்து நின்றதும் போர்ட் கீழே சரியும், நுனி மேலே ஏறும். காரை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையில் குழாய் நசுங்குவது சப்கிளேவியன் சிரை (காரை எலும்புக்கு அடியில் ஓடும் சிரை) வழியில் வரும் தொல்லை. ஜுகுலரில் அந்தக் கவலை இல்லை.

நுனி சரியான இடத்தில் இருந்தால், மருத்துவர் உத்தரவோடு ஆல்டிப்ளேஸ் (உறைவைக் கரைக்கும் மருந்து) 2 மி.கி., 2 மி.லி.யில் கலந்து உள்ளே நிறுத்தலாம். 30 நிமிடத்தில் இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் 120 நிமிடத்தில் மறுபடி. தேவைப்பட்டால் இன்னொரு டோஸ். இரத்தம் வந்தால் 4–5 மி.லி. எடுத்து வீசிவிட்டுத்தான் ஃப்ளஷ் (சலைன் செலுத்திக் குழாயைக் கழுவுவது). அப்போதும் வராவிட்டால் ஃப்ளூரோஸ்கோப்பியில் காண்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) செலுத்திப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி டாக்டர். கை வீங்கி, டாப்ளர் ஸ்கேனில் சிரையில் இரத்தக் கட்டி தெரிந்தால் போர்ட்டை எடுத்தே ஆகணுமா?

பதில் 2
அவசியமில்லை. போர்ட் வேலை செய்கிறது, இன்னும் தேவை, தொற்று இல்லை என்றால் அப்படியே வைத்து இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து கொடுப்போம், குறைந்தது 3 மாதம். போர்ட் இருக்கும்வரை தொடர்வதே வழக்கம்.

பதில் 1
ஒன்று சேர்க்கிறேன். ஃப்ளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் போர்ட்டை அன்று மேற்கொண்டு பயன்படுத்தாதீங்க. போர்ட்டிலிருந்தும் கைச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புங்க. போர்ட் மாதிரி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி பாசிட்டிவ் ஆனால் கிருமி போர்ட்டில்தான். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது கேண்டிடா வளர்ந்தாலும், போர்ட் பையில் (போர்ட் பதிந்திருக்கும் தோலுக்கடி இடம்) சீழ் இருந்தாலும் போர்ட்டை எடுத்துவிடணும்.